விழுந்துகொண்டே நிற்கும் சாட்டிலைட்டும் என் தென்னையும்

நான் எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் என் தென்னை பிழைத்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தென்னைக்கு வேர் என் மண்ணில், தலை பக்கத்து வீட்டு மாடிக்கு மேலே. அந்த வீட்டுக்காரியும் நானும் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவோம். மைனி மாடியில் புதிதாக டிஷ் வைத்தாள். எங்கள் பக்கத்தில் டிஷ் வானத்தைப் பார்த்து ஏறக்குறைய மல்லாந்துதான் கிடக்கும். காற்றில் ஓலை ஆடினால் அவள் டிவியில் படம் உடைந்துவிடும். சீரியலில் மாமியார் கை ஓங்குவாள். அடி விழுந்ததா என்று தெரியாது.

"மைனி, மரத்த வெட்டி முறிக்கணும்" என்றாள்.

எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாரம் பொறுங்க. நிலாவே ஓடுது, சாட்டிலைட்டும் நவுந்திரும்லா" என்றேன். நம்பித்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். ஒரு வாரம் இரண்டு பேரும் அவரவர் மாடியில் நின்று, கண்ணுக்கே தெரியாத ஒன்றை அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலிதான் மிச்சம்.

மைனி மரம் முறிக்கிறவருக்குச் சொல்லி அனுப்பினாள். கூடவே, புதுக்கடை ஊரிலிருந்து வந்து டிஷ் மாட்டியவனையும் கூப்பிட்டாள். மைனி, அவன், நான் மூன்று பேரும் அவள் மாடியில் நின்றோம்.

"அது நவுராது" என்றான் அவன்.

"ஏன், கயிறு போட்டு கெட்டியிருக்கா?" என்றாள் மைனி.

"பூமி இழுக்குல்லா, அதான் கயிறு. அது எப்பவும் விழுந்துட்டேதான் இருக்கு."

மைனி சட்டென்று ஓரமாக நகர்ந்தாள்.

"பயப்படாதிய. கல்ல எறிஞ்சா வளைஞ்சு விழும். வேகமா எறிஞ்சா தூரத்துல விழும். இது போற வேகத்துக்கு, விழ விழ பூமியும் வளைஞ்சு விலகிப் போவும். தரை கிட்டாது, சுத்திட்டே கெடக்கும். கிட்ட இருந்தா வேகமா சுத்தும். தூரப் போனா இழுப்பு கொறையும், மெதுவா சுத்தும். இது இருக்க ஒசரத்துல ஒரு சுத்துக்கு ஒரு நாள். பூமிக்கும் அதே பக்கமா ஒரு சுத்துக்கு ஒரு நாள். அதான் நமக்கு நிக்க மாதிரி தோணுது."

"அதுக்குக் கீழ வர வழி தெரியல்ல. இவிய வீட்டுத் தேங்கா மட்டும் நேரா எங்க தண்ணித் தொட்டியில வந்து விழுது!" என்றாள் மைனி.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே மரம் முறிக்கிறவர் கயிறும் கோடாலியுமாக வந்து நின்றிருந்தார். இனியும் வாய் திறக்காவிட்டால் மரம் போய்விடும்.

"மக்கா," என்றேன் அவனிடம். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. "அது ஒரே இடத்துல நிக்குன்னா, என் மாடியிலருந்து பாத்தாலும் அங்கதானே நிக்கும்? அங்க ஓலை மறைக்காது. டிஷ்ஷ அங்க வையி. வயரு மதிலுக்கு மேல போவட்டு."

"தாராளமா வைக்கலாம்" என்றான்.

மைனி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என் கழுத்த ஒடிக்கதுக்கு முன்னால இது தோணல்லியா?"

மரம் முறிக்க வந்தவர் ஏறி, இளநீர் மட்டும் போட்டுவிட்டுப் போனார். டிஷ் இப்போது என் மாடியில் இருக்கிறது. அதில் காக்காய் உட்கார்ந்தால் விரட்டுவது என் வேலை. சீரியல் நேரத்தில் நான் எங்கேயும் போக முடியாது.

அவன் சொன்னதை நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். தூரப் போனால் மெதுவாகச் சுற்றும் என்றானா, வேகமாக என்றானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், மைனிக்குத் தெரிய வேண்டாம். மரம் முறிக்கிறவர் வீடு பக்கத்தில்தான்.