திரும்ப மிதிக்காத கரை

மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் உள்ள ஒரு பண்ணையில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு விவசாய வேலை கற்றுக்கொடுக்கிற பண்ணை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வருவார்கள். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற இடமில்லை, நிஜமான வேலை செய்கிற இடம் என்று நோட்டீஸில் போட்டிருப்போம். அந்த வரியை எழுதினது நான்தான்.

அதில் ஒரு விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையைத் திங்கட்கிழமை நாங்கள் திரும்பச் செய்வோம். களை எடுக்கிறேன் என்று நாற்றையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்கள். பாத்தி கோணலாகப் போயிருக்கும். எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிற அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் சிரித்துக்கொண்டே சரிபண்ணுவார்கள். வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

பண்ணையின் கிழக்கு ஓரத்தில் கழுவெளி ஏரியிலிருந்து வருகிற ஓடை. கடலில் ஓதம் ஏறினால் அதில் உப்புத் தண்ணீர் நிற்கும். அது உள்ளே வராமல் ஒரு மண்கரை. எங்கள் நிலம் மேடு. கரையை ஒட்டிய பள்ளத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஒன்றரை ஏக்கர் சம்பா போட்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். கரையில் ஓர் இடம் சரிந்திருந்தது. "இதைக் கட்டலாமா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். அந்த வேலையையே கொடுத்தேன். வெயிலில் நாலு மணிநேரம் சேற்றில் நின்று மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். மேலே மண்வெட்டியால் தட்டித் தட்டி கேக் மாதிரி வழவழப்பாக்கினார்கள். ஒரு பெண்ணுக்கு உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அப்படியும் அவள் விடவில்லை.

சாயங்காலம் அக்கா வந்து காலால் ஓர் அழுத்து அழுத்தினார். கணுக்கால் வரை உள்ளே போனது.

"இது நிக்காது பாப்பா. அடுக்கடுக்கா மிதிச்சிருக்கணும். மேலதான் அழகு, உள்ள பொதபொதன்னு கிடக்குது. நாங்க நாலு பேர் இருக்கோம், இப்பவே பிரிச்சி மிதிச்சிடறோம்."

அந்த இருபது பேரும் பக்கத்திலேயே நின்று கரையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு சாயங்காலம்வரை தங்குகிறவர்கள்.

"அவங்க கண்ணு முன்னாடி பிரிச்சா நல்லா இருக்காதுக்கா. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "உன் இஷ்டம்" என்று போய்விட்டார்.

ஞாயிறு மாலை அவர்கள் பஸ் ஈ.சி.ஆர். ஏறினபோது தூறல் ஆரம்பித்தது. ராத்திரி காற்றில் ஓதமும் ஏறியது. திங்கள் காலை நான் போனபோது கரையில் அந்த இடம் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் பழைய கரை அப்படியே நின்றது. அண்ணாவின் வயல் முழுக்கத் தண்ணீர். அவர் அதில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா ஒடஞ்சுது?"

"காத்து ஜாஸ்திணா. மழை வேற" என்றேன். யோசிக்கவே இல்லை, அப்படியே வந்துவிட்டது. அக்கா கொஞ்ச தூரத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் பயிர் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. உப்பு போகட்டும் என்று அண்ணா, பிறகு பெய்த மழைத் தண்ணீரை வயலில் கட்டி இரண்டு தடவை வடித்துப் பார்த்தார். பலனில்லை. அந்த வருஷம் அவருக்கு வேலை இல்லாமல் போனதால் எங்கள் பண்ணைக்கே கூப்பிட்டேன். உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தவர்களுக்கு ஏர் பிடிப்பதையும், கரை மிதிப்பதையும் அவர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். "நல்ல நேரத்துல கூப்ட்டம்மா" என்று அடிக்கடி சொல்வார். அப்படிச் சொல்லும்போது வேறு வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிடுவேன்.

மாசி மாதம் அதே இருபது பேரில் எட்டுப் பேர் திரும்ப வந்தார்கள். "எங்க கரையைப் பாக்கணும்" என்றார்கள். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனோம். உடைந்த பிறகு நாங்கள் புதிதாகக் கட்டின இடம் நிறம் மாறித் தெரிந்தது. அந்தப் பக்கம் வயல் வெறுமனே கிடந்தது, ஆங்காங்கே உப்புப் பூத்து. கை கொப்புளித்த பெண் முகம் மாறிப் போய் அண்ணாவிடம் கேட்டாள்:

"நாங்க கட்டின இடமா சார் உடைஞ்சது? எங்களாலயா?"

அண்ணா பதறிவிட்டார். "சேச்சே! இன்னாம்மா நீ. அன்னிக்கு காத்து அப்படி. யார் கட்டியிருந்தாலும் போயிருக்கும். நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டீங்க!" என்று சொல்லிவிட்டு, "இல்லம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் தலையாட்டினேன்.

அவர்கள் போன பிறகு மோட்டார் கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அக்கா எச்சரித்ததை, நான் தள்ளிப்போட்டதை, எல்லாவற்றையும். அவர் குழாயை மூடாமலே கேட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அக்காவுக்கும்ணா."

"அப்ப நான்தான் கேணை." குழாயை மூடினார். "பயிர் போனது கூட பரவால்லம்மா. இப்ப அந்தப் பொண்ணு கிட்ட நான் சேச்சேன்னு சொன்னேன். நீ பாத்துக்கினே நின்ன."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

மறுநாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "சொல்றதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப என் பேரையும் சேத்து கெடுத்துட்ட. நீ சாயங்காலமானா மரக்காணத்துல உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் அவங்க தெருவுலதான் இருக்கேன்." அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அந்தச் சென்னைப் பெண்ணுக்கும் வாட்ஸப்பில் எழுதினேன். படித்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. "அன்னைக்கே எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே பிரிச்சு மிதிச்சிருப்போமே மேடம். ஞாயித்துக்கிழமை பூரா சும்மாதானே இருந்தோம்?"

நிஜம்தான். ஞாயிறு காலை அவர்களுக்குக் கொடுக்க வேலை இல்லாமல் நான்தான் பீச்சுக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது யார் என்ன செய்தாலும் அன்றைக்கே அவர்கள் எதிரிலேயே அக்கா சோதித்துப் பார்க்கிறார். சரியில்லை என்றால் பிரிக்கச் சொல்கிறார். சிலர் முகம் சுளிக்கிறார்கள். திரும்ப வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று பண்ணை முதலாளிக்கு வருத்தம். அண்ணா போன பட்டத்தில் பாதி நிலத்தில் நெல் போட்டார், திட்டுத் திட்டாக வந்தது. என்னை வழியில் பார்த்தால் வண்டியின் வேகத்தைக் குறைப்பதில்லை. அக்காவிடம் மட்டும் போன மாதம் பேச ஆரம்பித்திருக்கிறாராம். அதை அக்காவே வந்து சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.