இருபத்தேழு 'புரிஞ்சுதா'

எங்கள் பி.எட். கல்லூரி பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. இரண்டு வகுப்பறை, ஒரு கூடம், அவ்வளவுதான். மேளம் கொட்டினால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடக்கும். எங்களுக்கு முந்தைய செட்டுகளை எந்தப் பள்ளியும் உள்ளே விடவில்லை. பயிற்சி முழுக்கக் கூடத்திலேயே. ஒருத்தி டீச்சர், மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அதில் நான்தான் ராணி. சேலை கட்டிய அந்தப் பிள்ளைகள் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார்கள்.

எங்கள் செட்டுக்குத்தான் முதன்முதலாகச் சேக்காட்டில் ஒரு நடுநிலைப் பள்ளி இடம் கொடுத்தது. நாற்பது நாள். பேராசிரியர்கள் போதாததால் நாங்களே ஜோடி சேர்ந்தோம். ஒருத்தி பாடம் நடத்தினால் இன்னொருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுத வேண்டும். எனக்கு வாய்த்தவள் பூந்தமல்லித் துணிக்கடைக் குடும்பத்துப் பெண்.

பின்னக் கணக்கு நடத்தினேன். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று கூரை அதிர்ந்தது. பூரிப்போடு அவள் நோட்டை வாங்கிப் பார்த்தால் ஒரே வரி: 'புரிஞ்சுதா, இருபத்தேழு தடவை. யாரையும் எழுப்பிக் கேட்கவில்லை.'

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இதை எண்றதுக்குத்தான் வந்தியா?"

"கோச்சுக்காதடி. நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாரு."

அவள் மூக்கை உடைக்கவே மறுநாள் கேட்டேன். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?"

"நாலுல ஒண்ணு!" அதே கூரை, அதே அதிர்வு.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. தவறினால் இன்னொரு வருஷம் படிக்க வீட்டில் விடமாட்டார்கள். அழுதேவிட்டேன். அவள்தான் தன் கடையில் கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசி பெஞ்சில் அமர்ந்தார். பிள்ளைகள் ஒரு தாளை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் கிழித்தார்கள். பழக்க தோஷம், "புரிஞ்..." என்று வாய் திறந்து பாதியில் விழுங்கினேன். ஜன்னலோரச் சிறுமி எழுந்தாள்.

"புரியல டீச்சர். இன்னா சொல்றீங்கன்னே தெர்ல."

பாவி, இன்றைக்கா! ஆனால் நாற்பது நாளில் முதல்முறையாக ஒரு பிள்ளை என்னிடம் உண்மையைச் சொல்கிறது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, புதுத் தாள் எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கடைசியில் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தாள். "ஐய, நாலு பேருன்னா கம்மியாத்தான் டீச்சர் கெடைக்கும்!"

மணி அடித்துவிட்டது. பாதிப் பாடம் அப்படியே நின்றது.

"பாடத்தை முடிக்கலியேம்மா" என்றார் தேர்வாளர்.

"ஆமா சார்." தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"பரவால்ல. அடுத்த கிளாஸ்ல முடிச்சிருங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

இன்று அதே கல்லூரியில் நான் ஆசிரியை. எங்கள் மாணவிகள் மாதக்கணக்கில் பள்ளிகளுக்குப் போகிறார்கள். கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்காருவது நான்தான். தோழிக்கு நேரிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது, சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறாள். அந்தச் சிறுமிக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அவளும் மற்றவர்களோடு சேர்ந்து "புரிஞ்சுது" என்றிருந்தால், அன்றைக்குப் பாடத்தை நேரத்துக்கு முடித்திருப்பேன். இன்றுவரை அப்படியே முடித்துக்கொண்டும் இருந்திருப்பேன்.