சித்தி வளர்த்த ஜிலேபி மீன்கள்

மீனுக்கும் மூச்சு முட்டும் என்பது எனக்குச் சித்தி சொல்லித்தான் தெரியும். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு நீல டிரம்களில் அவள் ஜிலேபி மீன் வளர்த்தாள். அம்மாவின் தங்கை, காலேஜில் விலங்கியல் கடைசி வருஷம். அங்கிருந்த தொட்டி ஒழுகியதால் ஆராய்ச்சி எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. துணி துவைக்க இடமில்லாமல் போனதில் அம்மாவுக்கு வருத்தம் இருந்திருக்கும். துணியை வாசலுக்கு எடுத்துப்போய்த் துவைத்தாள்.

ஒரு டிரம்மில் சின்ன மோட்டார் ஓயாமல் காற்று ஊதும். இன்னொன்றில் ஊதாது, தண்ணீர் மந்தமாகக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தூக்கத்தில் நடப்பதைப்போல மீன்கள் உள்ளே நகரும். பார்க்கப் பார்க்க எனக்கும் கண் சொக்கும்.

"இதுங்க ஏன் சித்தி சாவல?"

"உடம்புக்குள்ள ஒரு புரதம் கீதுடி. காத்து நெறைய இருந்தா உடம்பே அத அப்பப்ப அழிச்சிடும். காத்து கொறைஞ்சா அழிக்காது. அது போய், தூங்கிகினு கீற ஜீனையெல்லாம் எழுப்பிவுடும். அப்பால ரத்தம், கெடைக்கிற கொஞ்சூண்டு காத்தையும் கெட்டியா புடிச்சிக்கும்."

ரத்தத்துக்குள் குட்டிக் குட்டிக் கைகள் முளைப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அன்று என் மணிக்கட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அந்த ஐப்பசியில் புயல் வந்தது. காலையிலேயே கரண்ட் போய், மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த டிரம்மின் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இந்த வருஷம் பாஸாகவில்லையென்றால் கல்யாணம்தான் என்று தாத்தா முடிவாகச் சொல்லியிருந்தார். சித்தி சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்றினாள்.

துறைமுகத்தில் வேலை இல்லாததால் என் அப்பா, நைனா, வீட்டில் இருந்தார். எழுந்து போய் சைக்கிள் பம்பை எடுத்து வந்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அடிக்க ஆரம்பித்தார்.

"இப்டி ஊதினா ஆவுமா?"

"ஆவும் மாமா, நிறுத்தாதீங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "இன்னாபா, மீனுக்குப் பஞ்சரா?" சிரித்தவர், சிறிது நேரத்தில் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரும் வந்து அடித்தார். ஆள் மாற்றி ஆள். அம்மாதான் அதிக நேரம் அடித்தாள், புடவையைச் செருகிக்கொண்டு, மழையில் நனைந்தபடி. சாம்பல் நிற வெளிச்சத்தில் குமிழிகள் மட்டும் மினுங்கின.

மத்தியானம் கரண்ட் வந்தபோது பாதி மீன்கள் பிழைத்திருந்தன. ஆராய்ச்சிக்கு அது போதும் என்றாள் சித்தி. பிறகு பாஸும் ஆனாள். அன்று கரண்ட் வந்த பிறகுதான் மற்ற டிரம்மின் நினைவு வந்து அம்மா எட்டிப் பார்த்தாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

"அட, இதுங்களுக்கு ஒண்ணுமே ஆவலடி! கெட்டிக்காரப் பசங்க!" என்று சிரித்தாள்.

சித்தி ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு மீனை எடுத்து ஒரே கிண்ணத்தில் விட்டாள். இரண்டும் ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கிய குஞ்சுகள். மந்தத் தண்ணீர் மீன் மற்றதில் பாதிதான் இருந்தது.

"உயிரோட கீதுக்கா. ஆனா வளரல. வளர்றதுக்கு வேண்டியதெல்லாம் உயிர புடிச்சிக்கவே செலவாயிடுச்சி."

அம்மாவின் சிரிப்பு நின்றது. ஒரு விரலால் அந்தச் சின்ன மீனின் முதுகைத் தொட்டாள்.

"இதுக்கும் கொஞ்சம் ஊதியிருக்கலாம்" என்றாள்.

சித்தி "அக்கா" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் நின்று அழுதார்கள். நைனா பம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செத்த மீன்களுக்காக அழுகிறார்கள் என்று நினைத்து, மார்க்கெட்டில் வேறு மீன் கிடைக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன். சித்தியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம்தான் அம்மா பள்ளிக்கூடத்தை விட்டு, ராயபுரத்தில் இறால் உரிக்கப் போனாள் என்பது அன்று எனக்குத் தெரியாது.