“கேன்சல் பண்ட்டியா?” என்று கேட்ட கோமதி

வியாழக்கிழமை காலை ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். கோமதியின் தம்பி போன் செய்தான். “அக்கா நம்மள வுட்டு பூட்டாங்கக்கா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள...” என்றான். அதற்குள் ரயில் வந்துவிட, பழக்க தோஷத்தில் ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று உறைத்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்றுவரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

தினமும் எங்களோடு பெங்களூருக்கு ரயிலேறியவர்களுக்கும், ஆபீஸில் எங்கள் நெட்வொர்க் டீமில் இருந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உட்கார இடம் கிடைத்தாலும் கதவோரம் நின்றே வருவாளே, அந்தக் கோமதியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். “உக்காந்தா தூக்கம் வருது, தூங்குனா ஆபீஸ் நெனப்பு வருது” என்பாள்.

தன் தவறை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள். தகவலை வழிபார்த்து அனுப்பும் பெட்டிதான் ரூட்டர். புதிய முறையில் அதற்கு, எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று தூரத்தில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருள் சொல்லும். பழைய முறையில் ரூட்டரே வழி பார்த்து அனுப்பும். ஒருமுறை கோமதி, பெங்களூரில் இருந்தபடியே வெளியூர்க் கிளை ஒன்றின் ரூட்டரை முழுக்கக் கன்ட்ரோலர் கையில் கொடுத்தாள். கன்ட்ரோலரிடம் பேசப் போகும் வழியும் அதிலேயே மாட்டிக்கொள்ள, வெளியிலிருந்து யாரும் அந்த ரூட்டரை எட்ட முடியவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதை. பஸ் பிடித்துப் போய் நேரில் சரிசெய்துவிட்டு வந்தாள். “எங்கப்பா தங்கச் சுரங்க ஷாஃப்ட்ல எறங்கறதுக்கு முன்னாடி ஏறி வர்ற வழிய பாத்துக்குவாரு. அவரு பொண்ணு நானு, பாக்காம எறங்கிட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அவளுடைய வழக்கம். எந்த ரூட்டரில் கைவைத்தாலும் முதலில், கால் மணி நேரத்தில் அது தானாக அணைந்து எழும்படி சொல்லிவைப்பாள். மாற்றத்தில் நாம் வெளியே மாட்டிக்கொண்டால், ரூட்டர் பழைய அமைப்போடு எழுந்து நம்மை உள்ளே விடும். மாற்றம் சரியாக அமைந்துவிட்டால் அந்தத் தானாக எழும் ஏற்பாட்டை ரத்து செய்ய வேண்டும்; இல்லையென்றால் நன்றாக ஓடும் ரூட்டரும் அணைந்துவிடும். வேலை முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான். அதனால் நான் மாற்றம் செய்யும் நாளில், வேலை முடியும் நேரம் பார்த்து அவளிடமிருந்து போன் வரும். ஹலோ கிடையாது. “கேன்சல் பண்ட்டியாடி?” மட்டும்தான்.

போன மாதம் எங்கள் ஊரில் பாலகாட் பக்கத்து ஆஸ்பத்திரி வேலை வந்தது. அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்களைப் பெங்களூர் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கன்ட்ரோலருக்கு மாற்றிவிடலாம் என்றார் மேனேஜர். அந்த ஸ்கேன் மெஷினோ பழையது, கன்ட்ரோலர் வழி அதற்கு ஒத்துவராது. கோமதி எழுந்து நின்றாள். “அது இன்னா பாவம் பண்ணுச்சு சார்? ஒரே இன்டர்ஃபேஸ்லயே, அந்த ஒரே வாசல்லயே ரெண்டும் போவட்டும். நம்பர் போட்டுப் பிரிச்சிடலாம். புதுசு கன்ட்ரோலர் பேச்சைக் கேக்கட்டும், பழசு அதும்பாட்டுக்குப் போவட்டும்.” வாதாடியே சம்மதிக்க வைத்தாள். ஞாயிறு மதியம் என்று நாள் குறித்தோம். அவள் வியாழனன்றே போய்விட்டாள்.

காரியம்கூட முடியவில்லை, மேனேஜர் போனில் கூப்பிட்டார். “இனிமே இந்த ரெண்டுங்கெட்டான் வேலை எதுக்கும்மா? முழுசா மாத்திடுங்க” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கோமதி சொன்ன மாதிரிதான் சார் செய்வேன்” என்று வைத்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் எங்கள் ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் என் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். தானாக எழும் ஏற்பாட்டை முதலில் செய்தேன். பிறகு இன்டர்ஃபேஸைப் பிரித்தேன். ஆஸ்பத்திரியின் புதிய போன்கள் கன்ட்ரோலர் வழியாகப் பேசின. பழைய ஸ்கேன் மெஷின் பழைய வழியிலேயே போனது. ஆஸ்பத்திரி டெக்னீஷியன் லைனில் இருந்தார். “மேடம், ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு வந்துகீது, தலைல அடி. படம் அனுப்பறேன். டாக்டர் பாத்துச் சொன்னாதான் இங்க வெச்சிக்கறதா, பெங்களூர் அனுப்பறதான்னு தெரியும்” என்றார். படம் போகத் தொடங்கியது.

நான் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். என்னவோ குறைந்தது. போனைப் பார்த்தேன். வேலை முடிந்தும் இவள் ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று கோமதிமேல் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து ரத்து செய்தபோது ஒரு நிமிடம்கூட மீதம் இல்லை. விட்டிருந்தால் படம் பாதியில் அறுந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் டெக்னீஷியன், “டாக்டர் பாத்துட்டாரு மேடம். ஒடனே அனுப்பச் சொல்றாரு, ஆம்புலன்ஸ் கெளம்புது” என்றார்.

“பண்ட்டேண்டி” என்றேன், யாரும் இல்லாத அறையில். அதன் பிறகுதான் அழுதேன்.

கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இனி நம் டீமில் யார் ரூட்டரில் கைவைத்தாலும், வேலை முடியும் நேரம் பார்த்து என் போன் வரும். ஹலோ சொல்ல மாட்டேன்.