ஆருக்கு வெறும் குளிசை?

புது மருந்தை ஆக்களிலை சோதிக்கிற தொழிலிலை, மருந்தைவிட ஆக்களைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. என்னை மாதிரி உந்தக் கூத்தை அனுபவிச்ச தாதி மிஸிமாருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, மற்றவை கேளுங்கோ. சுன்னாகத்திலை எங்கடை கிளினிக்கிலை பிறசருக்கு, அதுதான் ரத்த அழுத்தத்துக்கு, ஒரு புதுக் குளிசையைச் சோதிச்சம்.

விளங்கினதோ?

சண்டிலிப்பாயிலையிருந்து பரமேஸ் அக்காவும் அவவின்ரை தங்கச்சி ராணியும் வந்தவை. ஒரே வளவிலை இருந்து வெங்காயத் தோட்டம் செய்யிறவை. ரெண்டு பேருக்கும் பிறசர். பாதிப் பேருக்குத்தான் உண்மையான குளிசை, மற்றவைக்கு அதே நிறத்திலை மருந்தில்லாத வெறும் குளிசை, ஆருக்கு எது எண்டு டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது எண்டு தொண்டை வறள விளங்கப்படுத்தினன். ஏதும் கேக்க இருக்கோ எண்டன். பரமேஸ் அக்கா கதிரையைக் கிட்ட இழுத்து, குரலைக் குறைச்சா.

"பிள்ளை, நீங்கள் எங்கடை பக்கத்து ஆள்தானே, எங்கள் ரெண்டு பேருக்கும் உண்மையானதாப் பாத்துத் தாங்கோ."

ஒரு குறையுமில்லை

முதல்லை அக்காவுக்குப் பிறசர் நல்லாய் இறங்கிச்சுது. ராணிக்கு அசையேல்லை. பிறகு பாத்தால் அக்காவுக்குத் திரும்ப ஏறிப்போச்சு, ராணிக்கு இறங்கிக் கிடந்தது. குளிசையை மறந்திட்டாவோ எண்டு போத்திலை வாங்கி எண்ணினன். ரெண்டு பேரின்ரையும் கணக்குச் சரி. எவ்வளவு ஒழுங்கான சனம் எண்டு எனக்குப் பெருமையும் வந்திட்டுது!

அண்டைக்கு ராணி எழும்பேக்கை சுவரைப் பிடிச்சா. தலைச்சுத்தோ எண்டு கேட்டால் இல்லை எண்டுறா. விடாமல் கேட்டாப் பிறகுதான் வாய் திறந்தா.

"டொக்டர் எவ்வளவு பாடுபடுறார், அவரின்ரை மருந்தைக் குறை சொல்லலாமோ, மிஸி?"

தோட்டத்திலை

டொக்டர் அவவை அடுத்த நாளும் வரச்சொன்னவர். வரேல்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறி விடேக்கை மயங்கி விழுந்திட்டா. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கண் திறக்காமல் கிடந்தா. டொக்டர் உடனை குளிசை செய்யிற மருந்துக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்து, ராணிக்கு எந்தக் குளிசை எண்டு கேட்டார். உண்மையானதுதானாம். "ஒண்டு போட்டால் பிறசர் இவ்வளவுக்கு இறங்காதே" எண்டு அவர் சொல்ல, கட்டிலடியிலை நிண்ட பரமேஸ் அக்கா குழறி அழத் தொடங்கினா.

அவ தன்ரை குளிசையையும் நாளாந்தம் தங்கச்சிக்குக் குடுத்திருக்கிறா! பின்னேரம் ராணி கண் முழிச்சாப் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது, உயிரோடை கோபமும் வந்தது. ஏனக்கா உப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கத்திப்போட்டன்.

"பிறசர் இறங்காதபடியால் அவளுக்கு வெறும் குளிசைதான் எண்டு நினைச்சன், பிள்ளை, கூடப்பிறந்தவளை விட்டிட்டு நான் மட்டும் மருந்து போடுறதோ?"

ரெண்டு பேரையும் சோதனையிலையிருந்து விலத்தினம். அக்காவும் தங்கச்சியும் நல்லாய் இருக்கினம், குளிசை நல்லதோ கூடாதோ எண்டுதான் எங்களுக்கு இன்னும் தெரியாது.