பாஸ்டருக்கு ஜாதகம் பார்த்த ஆயுத பூஜை

தானியேல் அண்ணன் போய்விட்டாராம்.

காலையில் என் பெண்தான் போன் பண்ணிச் சொன்னாள். "இன்னாப்பா, லைன்ல இருக்கியா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

இருந்தேன். அழுகை வரவில்லை. குழப்பம்தான் வந்தது. அவரைப் பற்றி இத்தனை வருஷமாக எனக்கு இருக்கிற அதே குழப்பம்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து லேத்.

வாரமெல்லாம் கை நிறைய ஆயில் கறையோடு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை எளாவூரில் ஓர் ஓலைக் கொட்டகைச் சபைக்கு அவர்தான் பாஸ்டர்.

மைக் கிடையாது. பக்கத்துச் செக்போஸ்ட்டில் உறுமிக்கொண்டு நிற்கிற லாரிகளுக்கு மேலே அவர் குரல் கேட்கும். டிரைவர்கள் இறங்கி வந்து, ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

ஓர் ஆயுத பூஜைக்கு முதலாளி திருவள்ளூரிலிருந்து ஜோசியர் ஒருவரை அழைத்து வந்தார். பெருமாள் கோயில் பக்கத்து மனிதர், நெற்றியில் பளிச்சென்று நாமம்.

பூஜை முடிந்ததும் ஆளாளுக்கு அவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். அடுத்து பாஸ்டரைத் தள்ளிவிட்டார்கள். அவர் பாஸ்டர் என்று மட்டும் ஜோசியரிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வரமாட்டார் என்று நினைத்தேன். என் காதருகே குனிந்து, "சொல்லட்டும் நைனா. தப்பா சொன்னா, வர்ற ஞாயித்துக்கெழம பிரசங்கத்துக்கு ஆவும்" என்றார்.

பெயர் கேட்டதற்கு முருகேசன் என்றார். பொய் இல்லை, பிறந்தபோது வைத்த பெயர் அதுதான். அவருடைய அப்பா அம்மா சபையில் சேர்ந்தது பிற்பாடு.

பிறந்த நேரம்? வருஷத்தைச் சொல்லிவிட்டு, "பள்ளிப்பட்டு பக்கம் சாமி. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு, ரோட்டுல காவடி போய்க்கினு இருந்தப்போ பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்றார்.

ஜோசியருக்கு அது போதுமாக இருந்தது. கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார்.

"கிருத்திகை, சூரியனோட நட்சத்திரம். வாக்கிலே நெருப்பு. நாலு பேரை உக்கார வெச்சுப் பேசினேள்னா ஒருத்தர் எழுந்து போகமாட்டா. உப்பு, காரம் தூக்கலா வேணும். கோபம் வந்த சுவடே இல்லாம போயிடும்."

எல்லாம் அச்சு அசல் அண்ணன்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஆனா ஒன்பதாம் இடம் கெட்டுக் கெடக்கு. தெய்வ நம்பிக்கை கிடையாது. சாமி முன்னாடி நிப்பேள், மத்தவாளுக்காக. உள்ளே ஒண்ணும் இல்லே."

பட்டறையே சிரித்தது. அண்ணனும்தான் சிரித்தார்.

சாமிக்குப் படைத்ததை அண்ணன் சாப்பிடமாட்டார். அதனால் முதலாளியம்மா பூஜைக்கு முன்பே அவருக்கென்று பொரி, கடலையை எடுத்துத் தனியாகப் பொட்டலம் கட்டி வைப்பார்.

அன்றைக்கு அந்தப் பொட்டலம் அப்படியே கிடந்தது. அண்ணன் தன் மெஷின் பக்கத்தில், படைத்த தட்டிலிருந்து பொரியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்றார். எதைச் சாப்பிடுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவரிடம் கேட்டேன். "இன்னாண்ணே, ஜோசியரு கதைய பிரசங்கத்துல சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

லேத்தில் இரும்பைப் பிடிக்கிற சக்கை முறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "தப்பா சொல்லியிருந்தா சொல்லியிருப்பேன் நைனா."

மெஷினை ஆன் பண்ணிவிட்டார், அப்புறம் எதுவும் கேட்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போய் அதே குரலில்தான் பேசினார்... கேட்டவர்கள் சொன்னார்கள்.

மறு வருஷம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரிக்குப் பிரசவம். கஷ்டம் என்றார்கள். தாயா பிள்ளையா என்கிற மாதிரிப் பேச்சு. நான் பேயடித்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் அண்ணன் ஆயில் சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று கண்ணை மூடினார்.

லாரிகளை அமுக்குகிற அந்தக் குரல் வரவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் அப்படியே நின்றார். சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்று காலை போன் பண்ணியவள் அன்றைக்குப் பிறந்தவள்தான்.

பிறகு டீக்கடையில், மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. ஜோசியரு சொன்னது நெஜம்னா... அங்க நின்னு யார்கிட்ட கேட்டுக்கினு இருந்தீங்க?"

ரொம்ப நேரம் டீயை ஊதினார். ஆறிப்போன டீ அது.

"தெரியல நைனா. கேக்காம நிக்க முடியல."

அதற்கப்புறம் பட்டறையை மூடிவிட்டார்கள், ஆளுக்கொரு பக்கம் போனோம். ஓலைக் கொட்டகை கட்டடமானது. அண்ணன் பெரிய பாஸ்டர் ஆனார். என்னிடம் மட்டும் கடைசி வரை அதே நைனாதான். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை போகும். எந்தக் காவடி போனபோது பிறந்தார் என்று அவர் அம்மா சொல்லவே இல்லை. நேரம் மாறினால் அந்த ஒன்பதாம் இடமே மாறிவிடுமாம்.

அப்படியென்றால் ஜோசியர் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அண்ணன் தப்பில்லை என்றாரே... அப்போது அந்த சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது யார்?

நாளை எளாவூரில் அடக்கம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே. போன எடத்துல யாராச்சும் இருக்காங்களான்னு பாத்து, எனக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க.