பாதி மூக்கோட எந்திரிக்கிறவ

திராவா ஆத்தங்கரையில எங்க ஊர்ப் பொம்பளைங்க பொறாமைய எல்லாம் அள்ளிப் போட்டா ஒரு கூடையில அடங்கிரும். யால்ஷாவோடத ஏத்த மட்டும் தனி வண்டி வேணும், அத இழுக்க நாலு குதிர வேணும், முன்னால ஒருத்தன் "வெலகு, வெலகு"ன்னு கத்திக்கிட்டே ஓடணும். இத்தனைக்கும் அவ கெட்டவ இல்ல. பன்னி அடிக்கிற அன்னிக்கி தெருவுல ஒரு வீடு விடாம வறுத்த கொழுப்பு குடுத்தனுப்புவா. யாராச்சும் காய்ச்சல்ல படுத்தா கோழிச் சாறு வச்சுக் கொண்டுபோய், வேணாம்னாலும் மூக்கப் புடிச்சு ஊத்திட்டுத்தான் வருவா. அவளுக்குப் பொறாமை ஒரே ஒரு ஆளு மேலதான். அவ ஓரகத்தி த்ரேஸா மேல.

அண்ணன் இம்ப்ரோ யால்ஷா புருஷன். தம்பி ஜூக்கா த்ரேஸா புருஷன். ரெண்டு வீடு, நடுவுல ஒரு முற்றம், ஒரு கெணறு. ரெண்டு அடுப்படி சன்னலும் நேருக்கு நேரா ஒண்ண ஒண்ணு மொறைச்சுக்கிட்டு நிக்கும். இந்த வீட்டுல தும்மினா அந்த வீட்டுல மெழுகுவத்தி அணையும்.

த்ரேஸாகிட்ட பொறாமைப்பட அப்படி என்ன இருக்கு? மாடு எலும்பும் தோலும். வாத்துல பாதி நொண்டி. ஜூக்காவப் பத்திச் சொல்லவே வேணாம், அந்தாளு நின்னுக்கிட்டே தூங்கி, தூங்கிக்கிட்டே நடந்து, ஒரு தடவ கல்யாண ஊர்வலத்துல மாப்பிள்ளைக்கு முன்னால கோயிலுக்குள்ள போயி நின்னவன். யால்ஷா இதுக்கெல்லாம் பொறாமைப்படல. த்ரேஸா தெனமும் உக்காந்து படம் வரையிறா. அதுவும் கூசாம வரையிறா. அதுதான் யால்ஷா வயித்துல மொளகா அரைச்சுது.

எங்க பக்கம் படம்னா கண்ணாடியிலதான். சன்னலுக்குப் போடுற சாதாக் கண்ணாடி. அதோட முதுகுல வரைஞ்சிட்டு முகத்தத் திருப்பி செவுத்துல மாட்டணும். அதனால எல்லாமே தலைகீழ் வேலை. பாக்குறவன் கண்ணுக்கு முன்னால நிக்க வேண்டியத மொதல்ல போடணும். கோழின்னா மொதல்ல கண்ணு, அதுக்குமேல தலை, அதுக்குமேல ஒடம்பு, அப்புறம் வேலி. வானம்தான் எல்லாத்துக்கும் கடைசி. கெழங்கு எடுத்து, சோளம் உரிச்சு, முட்டக்கோசு ஊறப்போட்டு, பன்னியும் அடிச்சு, வயல பனி மூடின பொறவுதான் பிரஷ்ஷத் தொடணும்னு ஊர்ல ஒரு பேச்சு. அதுக்கு முன்னால தொட்டா, "அந்த வீட்டுல களையெல்லாம் தானாவே தூக்குப்போட்டுச் செத்துருச்சாம்"னு நக்கல் பண்ணியே கொன்னுருவாங்க.

த்ரேஸா அதெல்லாம் காதுல வாங்கல. வெயில் காலமோ, மழையோ, வயித்துப்போக்கோ, காலையில பால் கறந்ததும் அடுப்படி மேசையில கண்ணாடியப் போட்டு உக்காந்துருவா. சோளக்களி கிண்டின பானை அப்படியே காய்ஞ்சு கெடக்கும். கோயில் மணி ஒரு தடவ அடிக்கிற வரைக்கும் வரைவா. மணி அடிச்சதும் எந்திரிச்சிருவா. ஒரு கெழவன் மொகம் வரைஞ்சிட்டிருக்கா, மூக்குல ஒரு ஓட்டைதான் போட்டிருக்கா, மணி அடிச்சிருச்சுன்னா அந்தக் கெழவன் மறுநாள் வரைக்கும் ஒத்த ஓட்டையிலதான் மூச்சு விடணும். இவ பாட்டுப் பாடிக்கிட்டே மாட்டுக்குப் புல்லு போடப் போயிருவா.

எதிர் சன்னல்ல நின்னு யால்ஷா இதப் பாத்துக்கிட்டிருப்பா, கையில அந்நேரத்துக்கே ரெண்டாந்தடவ கழுவின பானையோட.

அவளும் வரையத் தெரிஞ்சவதான். தெரிஞ்சவன்னா சும்மா இல்ல. கல்யாணத்துக்கு முன்னால அவ வரைஞ்ச சேவலப் பாத்து ஒரு நெசச் சேவல் சண்டைக்குப் போயி அலகு ஒடிஞ்சு, அதுக்கப்புறம் கஞ்சி குடிச்சே காலத்த ஓட்டுச்சாம். கல்யாணம் ஆனதும் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால போச்சு. "வேலையெல்லாம் முடியட்டும், உக்காருறேன்"னா. முடியிற வேலையா இருந்தா அது ஏன் அவ வீட்டுக்கு வரப்போகுது? ஒரு தடவ வெறும் கைய மடியில வச்சிட்டு உக்காந்து பாத்தா. பானை அவள ஒரு திருடியப் பாக்குற மாதிரி பாத்துச்சு. எந்திரிச்சு அதக் கழுவினதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

ஒருநா கெணத்தடியில கேட்டே புட்டா.

"ஏன்டி த்ரேஸா, பானையக் காயவிட்டு படம் போடுறியே, மனசு உறுத்தாது?"

"உறுத்தும்க்கா. ஊறப்போட்டா சரியாப் போயிரும்."

"மனசையா?"

"பானைய!"

வாளியத் தூக்கிட்டுப் போறப்போ அவ சிரிச்ச சிரிப்பு யால்ஷாவுக்கு ரெண்டு நாள் சோறு எறங்க விடல.

முதப் பனி விழுந்ததும் யால்ஷா ஒரு திட்டம் போட்டா. எங்க ஊர்ல குளிருக்கு வாத்து எறகு உரிப்போம். பொம்பளைங்க மேசையச் சுத்தி உக்காந்து நடுத் தண்ட உருவிப் போட்டுட்டு, பஞ்சு மாதிரி இருக்குறத தலகாணிக்குச் சேப்போம். சன்னலத் தெறக்கக் கூடாது, தும்மக் கூடாது, பெரிசாச் சிரிக்கக் கூடாது. வழக்கமா சாயங்காலத்து வேலை அது. யால்ஷா நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு, மூணு மூட்டை எறகோட, காலையில பால் கறந்து முடியிற நேரத்துக்கு த்ரேஸா வீட்டு வாசல்ல போயி நின்னா.

"எங்க அடுப்பு ஒரே பொகைடி. உன் மேசையில உக்காந்துக்குறோம்."

மேசையில கண்ணாடி கெடந்துச்சு. வாத்து மேய்க்கிற ஒருத்தி, ஏழெட்டு வாத்து, ஒரு வேலி. வானம் போடல. சாயம் புடிக்க அந்த எடத்துல எண்ணெ மட்டும் தடவி வச்சிருந்தா.

"உக்காருங்க, உக்காருங்க"ன்னு த்ரேஸா கண்ணாடிய அலுங்காம சன்னல் மேடையில வச்சிட்டு எல்லாருக்கும் எடம் விட்டா. யால்ஷா சந்தோசமா மூட்டையப் பிரிச்சா. கொஞ்ச நேரம் போச்சு. அப்புறம் கொல்லன் பொண்டாட்டி யாகா தும்முனா. தும்மலா அது! ஆத்துக்கு அந்தாண்ட ஹங்கேரிக்காரன் மழை வருதுன்னு துணி எடுத்திருப்பான். மூணு மூட்டைப் பஞ்சும் மேல கெளம்பி, யாரு எங்க இருக்காங்கன்னே தெரியல. அடங்குனதுக்கு அப்புறம் பாத்தா எண்ணெ தடவின எடம் பூரா பஞ்சு ஒட்டிக் கெடக்குது.

"ஐயையோ, போச்சே!"ன்னா யால்ஷா. வாயி அழுதுச்சு, கன்னம் சிரிச்சுச்சு.

த்ரேஸா கிட்டப் போயிப் பாத்தா. "சரி, இன்னிக்கி இதுவரைக்கும்தான்னு இருக்கு"ன்னா. வந்து உக்காந்து எறகு உரிச்சா. பாட்டு வேற.

மறுநா காலையில அந்தப் பஞ்சுக்கு மேலயே மொழுமொழுன்னு நீலத்த ஏத்தி வானம் போட்டுட்டா. காய்ஞ்சதும் திருப்புனா, நீல வானம் பூரா பனி எறங்குது. வரைஞ்ச பனி இல்ல, நெசப் பனி! ஊரே வந்து பாத்துச்சு. ஒருத்தன் குல்லாவ மாட்டிக்கிட்டான். கோயில் சாமியார் வந்து படத்துக்கு முன்னால கைய ஊதிச் சூடு பண்ணிக்கிட்டாரு. அதுகூடப் பரவால்ல. யால்ஷா பெத்த புள்ளையாட்டம் சோறு போட்டு வளத்த சொந்தப் புருஷன் இம்ப்ரோ, அங்க போயி வாயத் தெறந்து நின்னான்.

"பாரு புள்ள, பனி விழுற சத்தம் காதுல கேக்குது."

"அது பனியில்ல, நான் பல்லக் கடிக்கிற சத்தம்"னா யால்ஷா.

எறகு அவளோடது, திட்டம் அவளோடது, தும்முனவளக் கூட்டிப்போனது அவ. பேரு மட்டும் த்ரேஸாவுக்கு. அன்னிக்கி முடிவு பண்ணா: எல்லா வேலையவும் ஒரேடியா முடிச்சுக் கட்டிட்டு, குத்தங்குறையில்லாம உக்காந்து, த்ரேஸா மொகத்துல கரியப் பூசுற மாதிரி ஒரு படம் போடணும்.

மறுநா இருட்டு விலகுறப்போ ஆரம்பிச்சா. பாத்திரம், தரை, கூரை. கோழிக்கூட்டுக்குச் சுண்ணாம்பு. இம்ப்ரோ காச்சட்டையெல்லாம் தச்சா, அவன் போட்டிருந்ததையும் அவனோட சேத்துத் தச்சா. பன்னியத் தேச்சுக் குளிப்பாட்டுனதுல அது வெக்கப்பட்டுக்கிட்டு நாலு நாள் வெளியவே வரல. இம்ப்ரோ அசையாம நின்னா தன்னையும் கழுவிருவாளோன்னு பயந்து முற்றத்தச் சுத்திச் சுத்தி நடந்தான். பொழுது சாயுறப்போ செய்ய ஒரு வேலை மிச்சமில்ல. கண்ணாடிய எடுத்து வச்சு உக்காந்தா. கண்ணு சொருகுது, மனசுல த்ரேஸா வானம் மட்டும் நிக்குது. அதவிடப் பெரிய வானம் போடணும். பட்டையா நீலத்த எடுத்தா, கண்ணாடி பூராப் பூசிட்டா. அதுமேல வாத்து. அதுமேல பேரிக்கா மரம். மரத்துல ஏறி பேரிக்கா திருடுற ஜூக்கா, ஏறினபடியே தூங்குறான். என்ன அருமையா வந்துச்சு! இத்தனை வருசமா கட்டிவச்ச கை, கயித்த அத்துக்கிட்ட கன்னுக்குட்டியா துள்ளுச்சு.

காலையில இம்ப்ரோவக் கூப்புட்டு நிறுத்தி, மெதுவாத் திருப்புனா.

நீலம். மூலைக்கு மூலை நீலம். ஒரு வாத்தோட வாலு கூடத் தெரியல.

இம்ப்ரோ தலையச் சாச்சுப் பாத்தான், இந்தப் பக்கமும் சாச்சுப் பாத்தான். "நல்ல தெளிஞ்ச வானம்"னான், பாவம்.

யால்ஷா கண்ணாடிய மேசையில கவுத்துப் போட்டுட்டு, இடுப்புல கட்டியிருந்த துணியால மொகத்தப் பொத்திக்கிட்டா. அழுகைன்னா அழுகை. அவ வானத்த மொதல்ல போட்டது, சமையக்காரி சட்டிய அடுப்புல வச்சிட்டு நெருப்பச் சட்டிக்குள்ள போட்ட மாதிரி. எங்க ஊர்ல மூணு வயசுப் புள்ளகூடச் செய்யாது.

அந்த நேரம் பாத்து உப்புக் கேட்டு த்ரேஸா வந்தா. கவுத்திருந்த கண்ணாடியோட முதுகப் பாத்தா. உப்புக் கிண்ணம் கையில அப்படியே நின்னுச்சு.

"அக்கா, இந்த வாத்து நடக்குதே!"

"போடி, கேலி பண்ணாத. திருப்பிப் பாரு, தெரியும்."

"திருப்ப மாட்டேன். இது எம்புருஷன்தான? தூக்கத்துல வாயி எடப்பக்கம் கோணுறதக் கூடப் போட்டிருக்க!" த்ரேஸா தொப்புனு உக்காந்தா. மொகம் சின்னதாப் போச்சு. "எனக்கு வயிறு எரியுதுக்கா. நான் தெனமும் வரையிறேன், என் வாத்தெல்லாம் செருப்பு மாதிரிதான் வருது. பஞ்சு விழுந்ததால தப்பிச்சேன். நீ பத்து வருசம் தொடாம இருந்துட்டு ஒரே நாள்ல இப்படிப் போடுற. நல்லவேளை, உனக்கு வேலை முடியமாட்டேங்குதுன்னு நான் சாமிக்கு நன்றி சொல்லாத நாளில்ல."

யால்ஷா துணிய எறக்குனா. "என்னடி சொன்ன?"

"உப்பு கேட்டேன்."

"அதுக்கு முன்னால!"

"வயிறு எரியுதுன்னேன். போதுமா?"

அடுப்பே இல்லாம யால்ஷாவுக்குக் குளிர் விட்டுச்சு. ஆனாலும் விடல. "நெசமாச் சொல்லு. பானை மொறைக்கிறப்போ எப்படிடி உன்னால உக்கார முடியுது?"

"அது மொறைக்கும், நானும் மொறைப்பேன். மணி அடிக்கட்டும், வந்து கழுவுறேன்னு சொல்லுவேன். சொன்ன மாதிரி போயிருவேன், அதனால அது என்னைய நம்பும். எல்லா வேலையும் முடியட்டும்னு நீ சொல்லுற பாரு, அத எந்தப் பானையும் நம்பாது." எந்திரிச்சா. "ஆனா நீ நாளைக்கி உக்காராத. எனக்குத் தூக்கம் போயிரும்."

மறுநா காலையில யால்ஷா களி கிண்டினா, எல்லாருக்கும் போட்டா, பானைய எடுத்துட்டுப் போறப்போ எதிர்ச் சன்னலப் பாத்தா. த்ரேஸா உக்காந்துட்டா. யால்ஷா பானைய டமால்னு கீழ வச்சிட்டு மேசைக்கு வந்தா. புதுக் கண்ணாடி. இந்தத் தடவ மொதல்ல வாத்துக் கண்ணு. கண்ணு முடியுறதுக்குள்ள பானை முதுகுக்குப் பின்னால நின்னு செருமுற மாதிரி இருந்துச்சு. பாதி எந்திரிச்சா. எந்திரிச்ச பாதியில எதிர்ச் சன்னல் கண்ணுல பட்டுச்சு. த்ரேஸா கழுத்த நீட்டி இவ மேசையத்தான் பாத்துக்கிட்டிருக்கா. எந்திரிக்கட்டும், எந்திரிக்கட்டும்னு காத்துக்கிட்டிருக்கா, படுபாவி! யால்ஷா நாக்காலிக்கு ஆணி அடிச்ச மாதிரி உக்காந்தா.

இம்ப்ரோ ரெண்டாந்தடவ களி திங்க உள்ள வந்தான். தட்டத் தேடுனான். மேசையப் பாத்தான், பானையப் பாத்தான், பொண்டாட்டியப் பாத்தான்.

"கழுவல போல?"

"கழுவல."

"ஒடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒடம்பு கல்லாட்டம் இருக்கு. களி பானையிலயே ஒட்டிக்கிட்டிருக்கு, சொரண்டித் தின்னு. ஏய்யா, சன்னல் பக்கம் மறைக்காத. அவ எந்திரிச்சிட்டாளா பாரு."

இம்ப்ரோ எட்டிப் பாத்தான். "இல்ல புள்ள."

"அப்ப நானும் எந்திரிக்கல"ன்னா யால்ஷா, வாத்துக்கு அலகு வச்சுக்கிட்டே.